திமிங்கிலம் பாக்கப் போன சனிக்கிழமை

இருங்கோ, இருங்கோ. அந்தக் கதிரைக்கு ஒருத்தரும் வரமாட்டினம். மற்றதையும் இழுத்து மனிசிக்குக் குடுங்கோ, பாவம், கைக்குழந்தையோட எவ்வளவு நேரம் நிக்கிறது. இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது போல. ஜூலை நாலு சுதந்திரதின ஊர்வலம் எண்டால் விடிய ஆறு மணிக்கே கதிரையைக் கொண்டந்து ரோட்டோரமா வைச்சிட்டு வீட்டை போயிடுவாங்கள். வேறை ஆர் வந்தாலும் தொடமாட்டாங்கள். எங்கட ஊரில வைச்சால் கதிரையும் இராது, கதிரை வைச்ச இடமும் இராது. நான் ஒரு ஆள்தான். பழக்கதோஷத்தில நாலையும் காரில ஏத்திப்போட்டன்.

மதுரைப் பக்கமோ? கதைக்கேக்கயே நினைச்சனான். என்ர கதை உங்களுக்கு விளங்குதுதானே? மெதுவாவே சொல்லுறன். நான் யாழ்ப்பாணம், சாவகச்சேரி. ஆனால் இந்தத் தெருவில கேட்டுப் பாருங்கோ, நாங்கள் பிரிட்டிஷ் குடும்பம். சிரிக்காதேங்கோ! இருபத்தைஞ்சு வருஷம் லண்டனில இருந்தனாங்கள், பாஸ்போட் அதுதான், பிள்ளையள் வாயைத் திறந்தாலும் அதுதான். கொம்பனி இஞ்ச மாத்தி நாலு வருஷம். வந்த முதல் வருஷம் இதே நாள், பக்கத்து வீட்டுப் பிரையன் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "உங்களை நாங்கள் அடிச்சுத் துரத்தின நாள் இண்டைக்கு. மனசில வைச்சுக்கொள்ளாமல் சாப்பிட வாங்கோ, இறைச்சி வாட்டுறம்" எண்டான். "எங்களையும் அவங்கள் கனகாலம் பிடிச்சு வைச்சிருந்தவங்கள்தான், நானும் உன்ர பக்கம்தான்" எண்டு சொன்னன். அவனுக்கு விளங்கேல்லை. சிரிச்சுப்போட்டு இன்னொரு கோழிக்கால் போட்டான்.

மனிசியும் பிள்ளையளும் எங்கை எண்டு கேக்கிறியளோ? லண்டனில. விடுமுறைக்குப் போயிருக்கினம். இல்லை, உங்களுக்கு ஏன் பொய் சொல்லுவான், விடுமுறைக்கு இல்லை. போன வருஷம் ஜூலையில போனவை, இன்னும் வரேல்லை. என்னிலதான் பிழையாம். நீங்கள் வெளி ஆள், ரெண்டு பக்கமும் தெரியாத ஆள். ஊர்வலம் தொடங்க இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. நடந்ததை நடந்தபடி சொல்லுறன், பிழை எங்கை எண்டு நீங்களே சொல்லுங்கோ.

என்ர மனிசி சுகிர்தாவுக்கு இந்த நாடு பிடிக்கேல்லை. பொரிச்ச உருளைக்கிழங்குக்கு வினாகிரி குடுக்கத் தெரியாதவங்கள், கேத்தில் இல்லாமல் மைக்ரோவேவில தண்ணி சுடவைக்கிறவங்கள், இவங்களோட என்னெண்டு இருக்கிறது எண்டு கேப்பா. அது வாய்க்குச் சொல்லுற காரணம். உண்மையான காரணம் லண்டனில விட்டுட்டு வந்த தம்பிக்காரன். நிமலன். தாய் சாகேக்க அவனுக்கு ஆறு வயசு, சுகிர்தாவுக்குப் பன்னிரண்டு. தகப்பன் பெற்றோல் செற்றில இரவு வேலை. சீப்பால தலை இழுத்து, சப்பாத்து நூல் கட்டி, பாணில ஜாம் பூசிக் குடுத்து எல்லாம் இவதான். அவன்ர பள்ளிக்கூடத்தில பெற்றார் கூட்டத்துக்கு, பெற்றார் இருக்கிற கதிரையில பன்னிரண்டு வயசுப் பிள்ளை போய் இருந்திருக்குது, யோசிச்சுப் பாருங்கோ. அவன் கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளை பெத்த பிறகும் இஞ்ச இருந்து ஒவ்வொரு நாளும் ரெண்டு மணிக்குப் போன் எடுத்து, என்ன சாப்பிட்டனி எண்டு கேக்காட்டி இவவுக்குப் பொழுது படாது.

அதுக்காக நான் சும்மா இருந்தனானோ? திட்டம் போடுறதில என்னை வெல்ல ஆளில்லை தம்பி. சனி எண்டால் ஏரி, ஞாயிறு எண்டால் மலை. எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது, எங்கை சாப்பிடுறது, எல்லாம் எழுதி பிரிஜ்ஜில ஒட்டிவிடுவன். புளூபெரி பிடுங்கப் போனம். பேஸ்போல் பாக்கப் போனம், மூண்டு மணித்தியாலம் வெய்யிலில இருந்தும் எங்களில ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை, ஆனால் மற்றவை எழும்பேக்க நாங்களும் எழும்பிக் கத்தினம். மூத்தவள் ஆரணிக்கு அப்ப பதின்மூண்டு. அவள் வெக்கத்தில தொப்பியை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டிருந்தவள். சின்னவன் மிதுரனுக்கு எட்டு. அவனுக்கு ஐஸ்கிறீம் இருந்தால் எந்த நாடும் சரி.

மூண்டு வருஷம் இப்பிடி ஓடிச்சுது. போன வருஷக் கோடையிலதான் சுகிர்தா கொஞ்சம் கொஞ்சமாச் சிரிக்கத் தொடங்கினவ. பிரையனின்ர மனிசியோட தோட்டம் செய்தவ. தக்காளி காய்ச்சுது. "இஞ்சருங்கோ, இந்த வெய்யில் லண்டனில வராது" எண்டு தன்ர வாயால சொன்னவ. என்ர வேலை ஒப்பந்தம் செப்டெம்பரோட முடியுது, இருக்கிறதோ திரும்பிறதோ எண்டு முடிவெடுக்கவேணும். "கோடை முடியட்டும், சொல்லுறன்" எண்டவ. எனக்கு இஞ்ச நல்ல இடம் தம்பி. லண்டனில நான் பத்தோட பதினொண்டு, இஞ்ச எனக்குக் கீழ இருபது பேர். அதுக்காகச் செய்தனான் எண்டு நினையாதேங்கோ. அவ சிரிக்கிறா, அதைக் குழப்பக்கூடாது, அவ்வளவுதான் என்ர மனசில இருந்தது.

ஜூலை அஞ்சு அவவின்ர நாப்பதாவது பிறந்தநாள். போன வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை. கேப் கொட் கடற்கரையில ஒரு வீடு எடுத்தன், வியாழன் போய் செவ்வாய் திரும்பிறது. வெள்ளி கடல். சனி திமிங்கிலம் பாக்கப் படகு, இரவு வாணவேடிக்கை. ஞாயிறு கேக். இன்னொரு விதியும் போட்டனான். வெளிக்கிடேக்க லண்டனில இருந்து கொண்டந்த பிஸ்கட் பெட்டி ஒண்டை நீட்டி, எல்லாரும் போனை இதுக்குள்ள போடுங்கோ, அஞ்சு நாளைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது எண்டனான். ஆரணி அழாக்குறை. சுகிர்தா யோசிச்சவ, "நிமலன் எடுத்தால்?" எண்டு கேட்டவ. "என்ர போன் கையில கிடக்கும், படம் எடுக்கவேணும்தானே. அவசரம் எண்டால் எனக்குப் போன் அடிப்பான்" எண்டன். நம்பிப் போட்டவ.

அதுக்கு முதல் நாள் புதன்கிழமை, அவ தம்பியோட ரெண்டு மணிக்குக் கதைச்சு முடிச்ச பிறகு, எனக்கு ஒரு செய்தி வந்தது. நிமலனின்ர மனிசி டிலானி. "அண்ணை, இவருக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில சேத்துப் போட்டாங்கள்" எண்டு. காய்ச்சல்தானே! முப்பத்திநாலு வயசுப் பெடியன். இதைப் போய்ச் சொன்னால் இவ பெட்டியைக் கட்டாமல் போனோட இருப்பா. விட்டுட்டன். புதன்கிழமை சொல்லாதது பிழையோ? நீங்களும் சொல்லியிருக்கமாட்டியள்.

வெள்ளி காலமை பதினொரு மணி. நாங்கள் கடற்கரையில. டிலானி திரும்ப எடுக்கிறாள். இரத்தத்தில கிருமி ஏறிப்போச்சுது, மருந்து பிடிக்கேல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாத்தினவங்கள். "அண்ணை, மச்சாளை வரச்சொல்லுங்கோ" எண்டு அழுகிறாள். நான் அங்காலை நடந்துபோய் போனில ரிக்கெற் பாத்தனான், பாக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. பொஸ்டனில இருந்து பின்னேரம் ஏழரைக்கு ஒரு பிளேன். நாலு இடமும் இருந்தது.

திரும்பிப் பாக்கிறன். சுகிர்தா முழங்கால் தண்ணியில நிண்டுகொண்டு மிதுரனுக்கு அலைக்கு மேலால பாயக் காட்டிக்குடுக்கிறா. நாப்பது வயசு மனிசி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாயிறா. தம்பி, அந்த நேரம் போய் என்னெண்டு சொல்லுறது? ஞாயிறு கேக் வெட்டின உடன சொல்லுவம் எண்டு நினைச்சன். டொக்டர்மார் எப்பவும் கூட்டித்தானே சொல்லுவாங்கள். டிலானிக்குத் திரும்ப எடுத்து, "நான் பக்குவமாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாறன், நீ அவவுக்கு அடியாதை" எண்டன். அவளும் சரியெண்டாள்.

எங்கட ஆக்கள் இப்பிடித்தானே செய்யிறது? உங்கட பக்கமும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். வீட்டில நல்ல காரியம் எண்டால் கெட்ட செய்தியைப் பிடிச்சு வைக்கிறது. செத்தவீட்டுத் துடக்கு, நீங்கள் தீட்டு எண்டுவியள், அது வந்திட்டால் பிறகு ஒரு வருஷத்துக்கு ஒரு கொண்டாட்டமும் இல்லை. எனக்கும் செய்தவைதானே! நான் லண்டனுக்கு வந்து படிச்சுக்கொண்டிருக்கேக்க என்ர அப்பா ஊரில செத்தவர். எனக்கு எப்ப சொன்னவை தெரியுமோ? பதினெட்டு நாள் கழிச்சு. சோதினை முடியட்டும் எண்டு லண்டனில இருந்த மாமா ஒளிச்சு வைச்சவர். அந்தப் பதினெட்டு நாளுக்குள்ள அப்பாவுக்கு ரெண்டு கடிதம் எழுதிப் போட்டனான், மாமாதான் முத்திரை வாங்கித் தந்தவர். நான் ஆரோடயும் கோவிச்சனானோ? இல்லை. சோதினை பாஸ். அந்தக் கடிதம் ரெண்டும் அங்க போய்ச் சேந்ததோ, ஆர் பிரிச்சுப் பாத்தவையோ, அதை நான் இண்டைவரைக்கும் கேக்கேல்லை. கேட்டு என்ன செய்யிறது.

எங்கை விட்டனான்? ஓம், சனிக்கிழமை. படகில ஏறினம். நல்ல காத்து. ஒரு மணித்தியாலம் ஒண்டையும் காணேல்லை. மிதுரன் காசைத் திருப்பிக் கேளுங்கோ அப்பா எண்டுறான். பிறகு ஒண்டு எழும்பிச்சுது பாருங்கோ, படகுக்குப் பக்கத்தில, வீடளவு. வாலால ஒரு அடி! எல்லாரும் தொப்பமா நனைஞ்சு போனம். சுகிர்தா ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கலியாணம் கட்டி பதினைஞ்சு வருஷத்தில நான் அப்பிடிக் காணேல்லை. உடன படம் எடுத்தனான். நல்ல படம். காட்டுவன், ஆனால் அதை இப்ப போனில வைச்சிருக்கிறேல்லை.

கரைக்கு வர போனில டிலானியின்ர செய்தி வந்து கிடந்தது. முடிஞ்சுதாம்.

நான் ரொயிலெற்றுக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதனான் தம்பி. நான் கல்லில்லை. அவன் என்னை அத்தான், அத்தான் எண்டு சுத்தித் திரிஞ்ச பெடியன், என்ர கலியாணத்தில எனக்குத் தோழனா நிண்டவன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியில வந்தன். மிதுரனுக்குப் பசி. இரவு வாணவேடிக்கை பாத்தம். அடுத்த நாள் பின்னேரம் கேக். பிள்ளையள் பிறந்தநாள் பாட்டுப் பாடினவை, நானும் பாடினனான். என்னெண்டு பாடினனோ தெரியாது. கேக் சாப்பிட்டு முடிய, பிள்ளையளை வெளியில விளையாட விட்டுட்டு, சுகிர்தாவைக் கதிரையில இருத்திச் சொன்னன்.

அழேல்லை. "எப்ப?" எண்டா. நேற்று எண்டன். "நேற்று எத்தினை மணி?" லண்டனில பின்னேரம் மூண்டே முக்கால் எண்டன். "உங்கட போனைத் தாங்கோ" எண்டா. குடுத்தன். படங்களைத் தள்ளித் தள்ளி அந்தத் திமிங்கிலப் படத்தை எடுத்தா. எடுத்த நேரம் கீழ கிடக்கும்தானே. காலமை பத்து நாப்பத்திமூண்டு. லண்டன் நேரத்துக்கு அஞ்சு மணித்தியாலம் கூட்டிப் பாத்தா. பிறகு விரலால தன்ர முகத்தைப் பெருப்பிச்சா, வாய் மட்டும் தெரியிறமாதிரி. கனநேரம் பாத்துக்கொண்டிருந்தா. நான் தோளைத் தொட்டன். எழும்பி மற்றப் பக்கத்துக் கதிரையில போய் இருந்தா.

வெள்ளிக்கிழமை பிளேன் இருந்த கதையை நான் சொல்லேல்லை, டிலானியோட கதைச்சு அவவே கண்டுபிடிச்சவ. அந்தப் பிளேனில போயிருந்தால் அவனுக்கு உயிர் இருக்கேக்க எட்டு மணித்தியாலம் பக்கத்தில இருந்திருப்பாவாம். கையைப் பிடிச்சிருப்பாவாம். நான் சொன்னன், "அவனுக்கு நினைவில்லை சுகிர்தா, மயக்க மருந்து குடுத்துக் குழாய் போட்டாச்சு, ஆர் வந்தது போனது ஒண்டும் தெரியாது, நீர் போய் என்ன செய்யிறது" எண்டு. செத்தவீட்டுக்கும் நேரத்துக்குப் போயிட்டம்தானே. லண்டனில பன்னிரண்டு நாள் கழிச்சுத்தான் எரிச்சவங்கள். இவ போகாமல் ஒரு காரியமும் நடக்கேல்லை. அப்ப அந்த ரெண்டு நாளில என்னத்தை இழந்தவ? நீங்கள் சொல்லுங்கோ.

நீங்கள் ரோட்டைப் பாக்கிறியள்.

எரிச்சு வந்த அண்டைக்குப் பின்னேரம், வேறை ஏச்சுப் பேச்சு ஒண்டும் இல்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டவ. "அவன் என்னைக் கேட்டவனோ?" நான் இல்லையெண்டனான். "ஒருக்காலும் கேக்கேல்லையோ?" இல்லை, நினைவில்லாமல் இருந்தவன் எண்டனான். தலையை ஆட்டினவ. அதுக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பினன், அவ திரும்பேல்லை. பிள்ளையளை அங்க பள்ளிக்கூடத்தில சேத்தாச்சு. ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினாங்கள். என்னத்துக்கு எண்டு எனக்கே தெரியேல்லை.

போன மாசம் ஆரணி போனில சொல்லுறாள், "அப்பா, அம்மா ஒவ்வொரு நாளும் ஒண்டைத்தான் சொல்லுறா" எண்டு. என்னவாம் எண்டு கேட்டன். "நான் வளத்த பிள்ளை, கடைசியில என்னைத் தேடேல்லை" எண்டு சொல்லுறாவாம். சமைக்கேக்க சொல்லுறாவாம், உடுப்பு மடிக்கேக்க சொல்லுறாவாம். ஆரணிக்குப் பதினாலு வயசு தம்பி, அவள் கேக்கிறாள், "மாமா உண்மையாவே அம்மாவைத் தேடேல்லையோ அப்பா?" எண்டு.

தேடினவன்.

வெள்ளி பின்னேரம் அஞ்சு மணி. நான் அந்த வீட்டு வாசலில நிக்கிறன், போன் அடிக்குது, நிமலனின்ர நம்பர். டிலானி பிள்ளையளைப் பாக்க வீட்டை போயிருந்த நேரம். மூச்சு இழுக்குது அவனுக்கு, ஒவ்வொரு சொல்லா வருது. "அத்தான், இப்ப என்னை நித்திரையாக்கப் போறாங்கள். அக்காவின்ர போன் எடுபடுதில்லை. ஒரு சொல்லுக் கதைக்கவேணும், குடுங்கோ" எண்டான். சுகிர்தா எங்கை நிக்கிறா தெரியுமோ? பத்து அடியில. வெளிக் குழாயில மிதுரனின்ர காலில மண் கழுவுறா. என்ர முதுகுப் பக்கம். தண்ணிச் சத்தம் எனக்குக் கேக்குது. நான் குரலை இறக்கி, "அக்கா பிள்ளையளோட கடலுக்கை நிக்கிறா மச்சான். நாளைக்குக் கதைக்கலாம், நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை" எண்டன். பிறகு, "சந்தோசமா நிக்கிறாவோ அத்தான்?" எண்டு கேட்டான். ஓம் எண்டன். "அப்ப விடுங்கோ, குழப்பாதேங்கோ" எண்டான்.

பாத்தியளோ, அவனும் குழப்பவேண்டாம் எண்டுதான் சொன்னவன்!

இல்லைத் தம்பி. அவன் முதல்ல குடுங்கோ எண்டுதான் சொன்னவன். பத்தடி. நான் திரும்பிக் கையை நீட்டியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவவின்ர போனைக் குடுக்கிறதுக்கு முதல் அந்தப் பெட்டியைத் திறந்து, அவன் அடிச்ச மூண்டு தவறின அழைப்பையும் நான்தான் அழிச்சனான். அவன்ர போனைத் திறக்க ஒருத்தருக்கும் தெரியாது. இந்த உலகத்தில இது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கும்.

சொல்லிவிடுங்கோ எண்டுறியள். ஓம், சொல்லத்தான் வேணும். சொன்னால் அவவுக்கு அந்த ஒரு ஆறுதல் வரும், தம்பி என்னைத் தேடினவன் எண்டு. எனக்கு அதோட எல்லாம் முடிஞ்சுது, அது வேறை. நான் அதுக்காகச் சொல்லாமல் இருக்கேல்லை. அதுக்காகத்தானோ என்னவோ, இரவில படுத்தால் எனக்கே தெரியிறேல்லை.

திதிப்படி போன கிழமையே அவன்ர ஆட்டைத்திவசம், முதலாம் வருஷத் திவசம், முடிஞ்சுது. நேற்று அவவே போன் எடுத்தவ, ஒரு வருஷத்துக்குப் பிறகு. "ஓகஸ்டில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ரெண்டு கிழமை வாறன். பிள்ளையள் உங்களைக் கேக்கினம். நேரில உங்களிட்ட ஒண்டு கேப்பன், உண்மை சொல்லவேணும்" எண்டா. என்ன கேள்வியெண்டு எனக்குத் தெரியாதோ? சரியெண்டன்.

இரவே இருந்து எல்லாம் பாத்து வைச்சிட்டன். கடல் வேண்டாம், இந்த முறை மலைப் பக்கம். ஏரியோட ஒரு வீடு. மிதுரன் மீன் பிடிக்கலாம், ஆரணி குதிரை ஓடலாம், சுகிர்தா சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், கேத்திலும் வாங்கிட்டன். வந்த முதல் நாளே கேப்பா. கேட்ட உடன நான் சொன்னால், அந்த ரெண்டு கிழமையும் என்னாகிறது? பிள்ளையள் பாவமில்லையோ? அதால முதல் இல்லையெண்டே சொல்லுவம், அவன் கேக்கேல்லை எண்டே இருக்கட்டும். போகேக்க எயார்போட்டில வைச்சு ஆறுதலா எல்லாத்தையும் சொல்லிவிடுறன். அவ சிரிக்கிறதை நான் இன்னும் ஒரே ஒருக்காப் பாக்கவேணும் தம்பி. பாத்திட்டுக் கட்டாயம் சொல்லுவன்.